கியர் வரும் வரையில்

அந்திப் பொழுதில் கல்முனைப் பிரதான வீதியோரம் சற்று நின்று பார்த்தோமானால், துவிச்சக்கர வண்டிகளின் ஊர்வலம் ஒன்றைக் காணலாம். மீன் பெட்டியைக் கரியரில் கட்டிச் செல்பவர் ஒருவர். மருதமுனைத் தறியில் நெய்த சாரன்களைப் பொதியாக்கிச் செல்பவர் இன்னொருவர். பிரத்தியேக வகுப்புக்கு விரையும் மாணவர் கூட்டம் ஒரு புறம். மஃரிப் தொழுகைக்குப் புறப்பட்ட முதியவர் மறு புறம். இவ்வளவு பேருக்கும் வாகனமாய் விளங்குவது கியர் ஏதுமில்லாத, எண்ணெய் கண்டால் மகிழ்ந்து எண்ணெய் காணாவிடில் முனகும் சாதாரண சைக்கிளே.

இத்தகைய ஊரிலே, மின்சாரத்தால் இயங்கும் கியருக்காக ஓர் இளைஞர் ஒன்றரை ஆண்டு காத்திருந்தார் என்றால் வாசகர்கள் வியப்படைதல் கூடும். அவர் எமது அயல்வீட்டுப் பிள்ளை. அவருடைய காத்திருப்பை நாம் அன்றாடம் மதிலுக்கு இப்பால் நின்று கண்டவர்கள் ஆதலின், அதனையே இவ்வாரம் எழுதத் துணிந்தோம்.

மின்சாரக் கியர் என்பது யாது என்பதை முதலில் சொல்லிவிடுதல் நன்று. பந்தயச் சைக்கிளின் பின்சக்கரத்தில் சிறிதும் பெரிதுமாகப் பல பல்சக்கரங்கள் அடுக்கப்பட்டிருக்கும். செயினை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிவிடுவதே கியரின் வேலை. நெடுங்காலமாக இவ்வேலையைச் செய்து வந்தது ஒரு மெல்லிய உருக்குக் கம்பி. கைப்பிடியிலுள்ள நெம்புகோலை அழுத்தினால் கம்பி இழுபடும். கம்பி இழுபட்டால் செயின் நகரும். ஆனால் கம்பிக்கு இரண்டு பகைகள் உண்டு. நாளடைவில் அது தளர்ந்துவிடும் என்பது ஒன்று. துரு ஏறிவிடும் என்பது மற்றொன்று. எம் கரையோர ஊர்களில் இரண்டாவது பகையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. உப்புக் காற்று கதவின் பிணைச்சலையே தின்றுவிடும் இடத்தில் கியர்க் கம்பி எம்மாத்திரம்?

மின்சாரக் கியரில் இந்தக் கம்பி இல்லை. பொத்தானை அழுத்தியதும் ஒரு சைகை செல்கிறது. சிறு மோட்டார் ஒன்று செயினை வேண்டிய அளவு, ஒரு மயிரிழையும் தவறாமல் நகர்த்துகிறது. ஆயிரமாவது தடவையும் முதல் தடவையைப் போலவே நகர்த்துகிறது. இதற்கு வேண்டியது மின்கலம் ஒன்றே.

இக்கருவி ஒரே நாளில் பிறந்ததன்று. பிரான்ஸ் நாட்டின் மாவிக் நிறுவனம் 1990களின் தொடக்கத்திலேயே மின்சாரக் கியரை ஆக்கியது. 1999இல் கம்பியில்லாத வகையொன்றையும் வெளியிட்டது. இரண்டும் நிலைபெறவில்லை. பின்னர் 2009இல் ஜப்பானிய ஷிமானோ நிறுவனத்தின் கியர் சந்தைக்கு வந்து நிலைத்தது. 2011இல் இத்தாலியின் கம்பாக்னோலோவும், 2015இல் அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் முற்றிலும் கம்பியில்லாத வகையுடனும் பின்தொடர்ந்தன.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் மற்றொரு வேடிக்கையும் உண்டு. 1903இல் தொடங்கிய பிரான்ஸ் சுற்றுப் போட்டியில் செயினை மாற்றும் கியரே நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்தது. அப்போட்டியைத் தோற்றுவித்த ஹென்றி தெக்ராஞ்சு, கியர் என்பது வயதானோர்க்கே உரியது என்று கருதியவர். வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டிக்கொண்டு ஏற வேண்டியதாயிற்று. 1936இல் அவர் நோயுற்று விலகினார். 1937இலேதான் கியருக்கு அனுமதி கிட்டியது. ஆக, உலகின் தலைசிறந்த வீரர்களே முப்பத்து நான்கு ஆண்டுகள் கியருக்காகக் காத்திருந்தனர்! எம் அயல்வீட்டு இளைஞரின் ஒன்றரை ஆண்டு அதற்கு முன் எம்மட்டு?

எனினும், காத்திருப்பவருக்குத் தம் காத்திருப்பே நீளமானது. இவ்விளைஞரின் மூத்த சகோதரர் கத்தாரில் தொழில் புரிபவர். 2021ஆம் ஆண்டின் இறுதியில் அவர் விடுமுறைக்கு வந்தபோது, பாவித்த பந்தயச் சைக்கிளின் சட்டம் ஒன்றைத் தம்பிக்காகக் கொண்டுவந்தார். அதற்குச் சற்று முன்னர்தான், ஆகஸ்ட் மாத முடிவில், ஷிமானோ தனது பன்னிரண்டு பல்சக்கரப் புதிய மின்சாரக் கியரை அறிவித்திருந்தது. அதையே பூட்டுவது என்று சகோதரர் இருவரும் முடிவு செய்தனர். தோஹாவில் ஒரு கடையில் பெயரும் பதிவாயிற்று. சட்டம் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது.

அந்த வேளை காத்திருப்புக்கென்றே படைக்கப்பட்ட வேளை போலும். 2020இல் கொவிட் நோய் பரவியபோது, பஸ்ஸில் ஏற அஞ்சியவர்களும் வீட்டில் அடைபட்டுச் சலித்தவர்களும் உலகெங்கும் சைக்கிளை நாடினர். அதே நேரத்தில் தொழிற்சாலைகளோ மூடுவதும் திறப்பதுமாக இருந்தன. ஜப்பானின் சக்காய் நகரில் 1921இல் தொடங்கப்பட்ட ஷிமானோ, 1973 முதல் சிங்கப்பூரிலும், பின்னர் மலேசியாவிலும் ஆலை நிறுவிய பெரு நிறுவனம். உலகச் சைக்கிள்களில் பெரும் பகுதிக்கு உறுப்பு வழங்குவது அதுவே. 2021 ஜூன் மாதத்தில் மலேசியா முழு முடக்கத்தை அறிவித்தது. மின்னணுச் சில்லுகளுக்கும் எங்கும் பஞ்சம். உறுப்பு ஒன்றுக்கு ஓராண்டுக்கு மேல் தவணை சொல்லும் நிலை ஏற்பட்டது. தோஹாக் கடைக்காரரும் “அடுத்த மாதம்” என்றார். அடுத்த மாதம் வந்ததும் அதற்கடுத்த மாதம் என்றார்.

இங்கே 2022 பிறந்தது. அவ்வாண்டினை எம்மவர் எவரும் மறக்க மாட்டார். ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. எண்ணெய் நிலையங்களின் முன் வரிசைகள் நீண்டன. மனிதர்கள் வாகனத்துக்குள்ளேயே உறங்கி எழுந்தனர். ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவருக்கும் எரிபொருள் இல்லையென்ற அறிவித்தலும் வந்தது. அப்போது ஊர்தோறும் ஒதுக்கிடங்களிலிருந்து பழைய சைக்கிள்கள் வெளியே வந்தன. திருத்துமிடங்களில் கூட்டம் அலைமோதியது. புதிய சைக்கிளின் விலையோ கைக்கெட்டாத உயரம் சென்றது.

இளைஞரின் வாப்பா நிந்தவூரில் சிறு கடை நடத்துபவர். மோட்டார் சைக்கிளில் போய் வந்தவர், எண்ணெய் இல்லாத நிலையில், கொல்லையில் கிடந்த பழைய கனத்த சைக்கிளைத் துடைத்தெடுத்தார். ஏழெட்டுக் கிலோமீற்றர் தூரம் அதிகமன்று. சாய்ந்தமருதும் காரைதீவும் கடந்தால் நிந்தவூர். பாதையிலும் மேடு பள்ளம் இல்லை. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று உண்டே! எம் கரையில் மலை இல்லாக் குறையைத் தீர்ப்பது அந்தக் கச்சான்தான். தென்மேற்கிலிருந்து வெந்தணலாய் வீசும் அக்காற்றுக்கு முகம் கொடுத்துத் தெற்கு நோக்கி மிதிப்பவருக்கு, மலையேறிய களைப்பு வந்துவிடும். ஐம்பத்தெட்டு வயதான மனிதர் வியர்வையில் தோய்ந்து வீடு திரும்புவதை நாமும் கண்டோம். அவருடைய மகனும் கண்டார். சுவரில் அந்த இலேசான சட்டம் தொங்கிக்கொண்டேயிருந்தது.

ஒரு மாலையில் இளைஞர் சட்டத்தை ஆணியிலிருந்து இறக்கி, சந்தியிலுள்ள சைக்கிள் திருத்துபவரிடம் எடுத்துச் சென்றார். நாமும் எம் சைக்கிளின் பஞ்சரை ஒட்டுவிக்க அங்கு சென்றிருந்தோம்.

“காக்கா, கியர் இன்னும் வரல்ல. வாற வரைக்கும் இத எப்படியாவது ஓடச் செய்யேலுமா?” என்றார் இளைஞர்.

முதியவர் சட்டத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். “கியர் வாறப்ப வரட்டும் மனே. ரோட்டு எங்கயும் போகல்ல தானே. கம்பிக் கியர் பழசு ஒண்டு இரிக்கி, போட்டுத் தாறன்” என்றார்.

பெட்டி பெட்டியாகத் தேடி, ஏழு பல்சக்கரம் கொண்ட பழைய கியரொன்றை எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினார். மறுநாள் முதல் விடியற் பொழுதில் கடை திறக்க நிந்தவூருக்குச் சென்றவர் மகன். வாப்பா வெயிலுக்கு முன் மெதுவாகப் பின்னால் சென்றார். சில நாட்களில் செல்லாமலும் இருந்தார். அந்த ஏழு பல்சக்கரத்தில் ஒன்று வழுக்கும். கம்பியை வாரத்துக்கொரு முறை முறுக்க வேண்டும். ஆயினும் கடை ஒரு நாளேனும் பூட்டிக் கிடக்கவில்லை.

இவ்விடத்தில் எமக்கு வேறொரு காத்திருப்பு நினைவுக்கு வருகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்தபோது, இலங்கையிலேயே மிகுந்த உயிரிழப்பைச் சந்தித்தது எமது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். எஞ்சியவர்கள் கரையிலிருந்து தொலைவில் முகாம்களில் வாழ்ந்தனர். பள்ளிக்கூடமும் தொழிலும் சந்தையும் தூரமாகிவிட்டன. அக்காலத்தில் ஒருவருக்குச் சைக்கிள் கிடைப்பது கால் கிடைப்பதற்கு ஒப்பானது. ஸ்ராம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான எஃப். கே. டே அவர்களும், அவர் மனைவி லியா மிஸ்பாக் டே அவர்களும் 2005இல் உலக சைக்கிள் நிவாரண அமைப்பைத் தோற்றுவித்தது இந்த அழிவைக் கண்டேயாகும். அவ்வமைப்பு இலங்கையில் 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களை வழங்கியது. அவை எளிய, உறுதியான சைக்கிள்கள். உலகின் விலையுயர்ந்த கியரை ஆக்கும் மனிதர், கடலில் அனைத்தையும் இழந்தவருக்கு எது வேண்டுமென்று கண்டபோது, கியரை அன்று, சைக்கிளையே தேர்ந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் அவ்வமைப்பு ஆபிரிக்கக் கிராமங்களுக்கும் சென்றது. அண்மைக் காலத்தில், ஸ்ராம் பொறியியலாளரின் துணையுடன், பெடலைச் சிறிது பின்னோக்கி மிதித்தால் தானே மாறும் இரட்டைக் கியர் ஒன்றையும் அது ஆக்கியுள்ளது. அதற்குக் கம்பியும் வேண்டாம், மின்கலமும் வேண்டாம். அறிவு என்பது எப்போதும் மேல்நோக்கி மட்டும் செல்ல வேண்டியதில்லை. கீழே இறங்கி வருபவனின் அறிவும் அறிவே.

எம் இளைஞரின் கியர் 2023ஆம் ஆண்டின் நடுவில், சகோதரரின் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே வந்து சேர்ந்தது. அதற்குள் உலகம் தலைகீழாகிவிட்டது. பஞ்ச காலத்தில் அளவுக்கு மிஞ்சிக் கட்டளையிட்ட வணிகர்களின் களஞ்சியங்கள் நிரம்பி வழிந்தன. ஷிமானோவின் விற்பனை அவ்வாண்டில் ஏறக்குறையக் கால் பங்கு குறைந்தது. பொறுக்காமல் இரு மடங்கு விலை கொடுத்து வாங்கியவர்கள் கையைப் பிசைந்தனர்.

புதிய கியர் பூட்டப்பட்ட நாளில் சந்திக் கடையில் சிறு கூட்டம் கூடியது. பொத்தானை அழுத்தியதும் மோட்டார் பூச்சியைப் போல் ரீங்கரித்தது. சிறுவர்கள் கைகொட்டினர். ஆனால் செயினோ ஒரு பல்லில் நின்று கடகடவென்று சத்தமிட்டது. தொலைபேசியில் கட்டளைகளை மாற்றிப் பார்த்தார் இளைஞர், பயனில்லை. முதியவர் பின்புறம் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“கியர் தொங்குற கொக்கி வளைஞ்சி இரிக்கி மனே. இத நிமித்தாம எந்தப் பெற்றரி போட்டும் வேலயில்ல” என்றார்.

கொக்கியை நிமிர்த்தி, இரு பக்க எல்லைத் திருகாணிகளையும் திருப்பிவிட்டார். சத்தம் நின்றது. விலையில் ஒரு மோட்டார் சைக்கிளோடு போட்டியிடும் கருவியிலும் அந்த இரண்டு திருகாணிகளும், அவற்றைத் திருப்ப ஒரு கையும் இன்னும் வேண்டியிருக்கின்றன.

மாணவ நேயர்களுக்கு ஒரு சொல். புதியதை விரும்புதல் குற்றமன்று. உப்புக் காற்றூரில் கம்பியில்லாக் கியர் உண்மையிலேயே பயனுடையது. ஆயிரம் கிலோமீற்றர் வரை ஒரு முறை ஏற்றிய மின்சாரம் போதும் என்கிறார்கள். வாங்குமுன், அதற்குரிய மின்கலம் எங்கே கிடைக்கும், பழுதானால் யார் பார்ப்பார் என்ற இரு வினாக்களைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆனால் புதியது வரும் வரையில் பழையதைச் சுவரில் மாட்டிவைக்காதீர்கள். காத்திருப்பவர் சும்மா இருக்க வேண்டுமென்று பொறுமையைப் போதித்த எவரும் சொன்னதில்லை.

கழற்றப்பட்ட அந்த ஏழு பல்சக்கரக் கியர் இப்போது எங்கே என்று கேட்பீர்கள். பாண்டிருப்பிலிருந்து வகுப்புக்கு வரும் ஒரு சிறுவனின் சைக்கிளில் அது ஓடுகிறது. ஒரு பல் இன்னும் வழுக்குகிறதாம். அச்சிறுவன் மின்சாரக் கியருக்காகக் காத்திருக்கிறான் என்றும் கேள்வி. மிதித்துக்கொண்டே காத்திருக்கிறான், ஆகவே நாம் கவலைப்படவில்லை.