கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?

பாங்கில் கணக்கு தவறினாலும் சரி, டிக்கெட்டில் பெயர் மாறினாலும் சரி, "கம்ப்யூட்டர் கோளாறு சார்" என்று கையை விரித்துவிடுகிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். ரயில்வேயிலேயே காலம் கழித்த எனக்கு இந்தப் பதிலில் உடன்பாடில்லை.

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநகா பஜார் நிலையத்தில் நடந்ததை மறக்க முடியுமா? நம்மில் பலர் ஊருக்குப் போகும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் அது. மெயின் லைனுக்குப் பச்சை விளக்கு; பாயிண்ட்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கு நின்ற சரக்கு ரயிலில் வண்டி மோதியது. அந்த விபத்தில் 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்நிலையத்தில் இருந்தது எலெக்ட்ரானிக் இன்டர்லாக்கிங். அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். பாயிண்ட் எந்தப் பக்கம், லைன் காலியா, கேட் மூடியதா என்ற செய்திகள் ரிலே வழியே கம்பியில் வருகின்றன. கரண்ட் வந்தால் ஒன்று, வராவிட்டால் பூஜ்யம். மெமரியில் பதிந்துள்ள சாப்ட்வேரின் கட்டளைகளை ப்ராசஸர் ஒவ்வொன்றாக எடுத்து, அந்த ஒன்றுகளையும் பூஜ்யங்களையும் சோதிக்கிறது. எல்லா நிபந்தனையும் பொருந்தினால்தான் பச்சைக்கு உத்தரவு. வீட்டுக் கம்ப்யூட்டரும் இதே வழியில்தான் ஓடுகிறது; அங்கே செய்தி கொடுப்பது கீபோர்டு.

சாப்ட்வேருக்குக் கண் கிடையாது. கம்பி சொல்வதே அதற்கு உண்மை. சிக்னல் சர்க்யூட்டில் முன்பு செய்த மாற்றத்திலும், கேட் தடுப்பை மாற்றும் வேலையிலும் நேர்ந்த குறைகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கூறியது. லூப் லைனுக்குத் திரும்பிய பாயிண்ட்டை மெயின் லைனில் இருப்பதாகக் கம்பி சொன்னால், எத்தனை சரியான சாப்ட்வேரும் பச்சைதான் காட்டும்.

அதனால்தான் ஒரு கம்பியைத் தொட்டாலும், ஒருவர் பாயிண்ட் அருகே நின்று பார்க்க, மற்றவர் பானலில் தெரிவதோடு ஒப்பிட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாடம். வண்டி லேட்டாகிறது என்று அதைச் சுருக்கக் கூடாது.

நம் பிள்ளைகள் பலர் சாப்ட்வேர் படிக்கிறார்கள்; மகிழ்ச்சி. ஆனால் "ஒயர் வேலை எலெக்ட்ரீஷியனுடையது" என்று அவர்கள் ஒதுங்குவதும், அதைப் பெற்றோர் பெருமையாகச் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தாம் எழுதும் ப்ரோக்ராமுக்குத் தகவல் எந்தக் கம்பியில் வருகிறது என்று ஒரு முறையாவது போய்ப் பார்க்கட்டும்.

இனி யாராவது "கம்ப்யூட்டர் கோளாறு" என்றால், "இணைத்தது யார்? சோதித்துக் கையெழுத்திட்டது யார்?" என்று கேளுங்கள். கோரமண்டலில் நம் வீட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள்.