சொல் விளக்கு: அதைரியப்படுத்தலாமா?

"பிள்ளையை டிஸ்கரேஜ் பண்ணாதீங்க!"

வீட்டுக்கு வீடு கேட்கிற வாக்கியம் இது. இதற்குத் தமிழில் சொல் இல்லையா என்ன? தாத்தா, பாட்டி காலத்துப் பேச்சிலும் கடிதங்களிலும் சாதாரணமாகப் புழங்கிய சொல் ஒன்று உண்டு: அதைரியப்படுத்துதல்.

'தைரியம்' வடமொழியிலிருந்து வந்தது. முன்னால் 'அ' சேர்ந்தால் பொருள் தலைகீழாகிவிடும். நீதி - அநீதி, சுத்தம் - அசுத்தம் போல, தைரியம் - அதைரியம்.

அதோடு 'படு' சேர்ந்தால் தன்வினை. 'படுத்து' சேர்ந்தால் பிறவினை. மார்க் குறைந்துபோய் மூலையில் உட்கார்ந்திருக்கும் மகனிடம், "அதைரியப்படாதேடா" என்கிறார் அம்மா. "இவன் எங்கே தேறப் போறான்?" என்று அவன் காதுபடப் பேசும் மாமாவிடம், "அவனை அதைரியப்படுத்தாதீங்க அண்ணா" என்கிறார். சின்ன மாற்றம்தான். ஆனால், தளர்ச்சி தானாக வந்ததா, இன்னொருவர் கொடுத்ததா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

தனித்தமிழில் சொல்ல விரும்பினால் 'மனம் தளரச் செய்தல்', 'ஊக்கம் குலைத்தல்' என்று எழுதலாம். 'தளர்த்துதல்' என்று மட்டும் எழுதினால் பொருள் மாறிவிடும். விதிகளைத் தளர்த்தலாம், இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தலாம். மனிதர்களை அப்படித் தளர்த்த முடியாது.

'முட்டுக்கட்டை போடுதல்' இதற்குச் சொந்தக்காரச் சொல்தான். ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. 'அவளுடைய படிப்புக்கு முட்டுக்கட்டை போட்டார்கள்' என்கிறோம். 'அவளை அதைரியப்படுத்தினார்கள்' என்கிறோம். முட்டுக்கட்டை விழுவது காரியத்துக்கு. அதைரியம் விழுவது ஆளின் மனதில்.

இன்னொன்று. தேர்ச்சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் கட்டைதான் அசல் முட்டுக்கட்டை. திருவாரூர் ஆழித்தேர் சுமார் 96 அடி உயரம். அவ்வளவு பெரிய தேர் வீதி முனையில் திரும்புவதற்கும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்கும் அந்தக் கட்டை வேண்டும். ஆக, முட்டுக்கட்டைக்குக்கூட ஒரு நல்ல வேலை இருக்கிறது. அதைரியப்படுத்துவதற்கு அப்படி எதுவும் இல்லை.

"அப்படியானால் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லவே கூடாதா?" என்று பெற்றோர் கேட்கலாம். தாராளமாகச் சொல்லலாம். அதற்குப் பெயர் எச்சரித்தல்.

வெளியூரில் படிக்கப் போகிறேன் என்கிறாள் மகள். "ஹாஸ்டல் செலவு ஆகும், சாப்பாடு ஒத்துக்காம போகலாம், யோசிச்சுக்கோம்மா" என்று அப்பா சொன்னால் அது எச்சரிக்கை. "உனக்கெல்லாம் எதுக்கு இந்த ஆசை?" என்றால் அது அதைரியப்படுத்துதல். முதல் பேச்சு வழியில் உள்ள பள்ளத்தைக் காட்டுகிறது. இரண்டாவது, நடக்க வந்தவளையே குறை சொல்கிறது.

முதல் பேச்சுக்கு அவளால் பதில் சொல்ல முடியும். "ஸ்காலர்ஷிப் இருக்குப்பா, விசாரிச்சுட்டேன்" என்பாள். இரண்டாவதற்கு என்ன பதில் சொல்வாள்? பேசாமல் எழுந்து உள்ளே போய்விடுவாள். அடுத்த முறை ஆசை வந்தாலும் வீட்டில் வாய் திறக்க மாட்டாள்.

சொல்லப்போவது எச்சரிக்கையா, அதைரியமா என்று சந்தேகம் வந்தால், கேட்பவரால் அதற்குப் பதில் சொல்ல முடியுமா என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.