காசியும் இல்லை, மேஜரும் இல்லை

குற்றாலம் பத்தி நம்ம ஆளுங்க பதிவு போட்டா மூணு விஷயம் கட்டாயம் இருக்கும். சாரல், ஐந்தருவி, பார்டர் புரோட்டா. அந்தப் புரோட்டாவுக்கும் கோழிக்கும் பத்து பாரா எழுதுற மகராசன் யாரும், அந்த இடத்துக்கு எதுக்குய்யா பார்டர்னு பேருன்னு ஒரு வரி எழுத மாட்டேங்கிறாங்க. கேரள எல்லை அங்கேயா இருக்கு? அது இன்னும் மேற்கே, செங்கோட்டை தாண்டி, புளியரையும் தாண்டில்லா இருக்கு!

1956 அக்டோபர் கடைசி வரைக்கும் செங்கோட்டை நம்ம பக்கம் இல்லை. முதல்ல திருவிதாங்கூர் சமஸ்தானம், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி. தென்காசி இந்தப் பக்கம், செங்கோட்டை அந்தப் பக்கம், நடுவுல பிரானூர்ல எல்லை. 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்களைப் பிரிச்சப்போ செங்கோட்டைத் தாலுகாவையே ரெண்டாக்கினாங்க. ஊர்ப்பக்கம் தமிழ்நாட்டுக்கு வந்தது, ஆரியங்காவு முதலான மலைப்பக்கம் கேரளத்தோட நின்னுபோச்சு. எல்லை நகர்ந்துட்டு. பார்டர்ங்கிற பேரு மட்டும் நகரலை.

நான் சொல்ல வர்றதும் இதான். நம்ம பக்கத்து ஊர்களோட வரலாறு பெரும்பாலும் ராஜா கதையில இல்லை. ஊர்ப்பேருலயும் வீட்டு டிரங்குப் பெட்டியிலயும்தான் கிடக்கு. அதை எழுதறதுக்குத்தான் ஆள் இல்லை.

ராஜா கதைக்குக் குறைச்சலே கிடையாது. தென்காசி கோயிலைப் பராக்கிரம பாண்டியன் 1446-ல கட்ட ஆரம்பிச்சது, கோபுரம் பாழாகி நடுவுல பிளந்து மொட்டையா நின்னது, 1990-ல ஒன்பது நிலையோட திரும்ப எழும்பினது, இதெல்லாம் ஆட்டோ ஓட்டுற அண்ணாச்சிகூட சொல்லிருவாரு. அந்தக் கல்வெட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு உண்டு. பின்னால வர்றவங்க யாராவது இந்தக் கோயிலுக்கு வர்ற குறையைச் சரிபண்ணினா, அவங்க காலில இப்பவே விழுந்து கும்பிடுறேன்னு ராஜாவே சொல்லி வச்சிருக்கான். மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிற எங்க ஆளுங்களுக்கு எந்த மேனேஜரும் இப்படி மரியாதை குடுத்ததில்லை :-)

ஆனா அந்தக் கோபுரத்துக்குக் கல் சுமந்தவன் ஊர் எது?

சரி, காசிமேஜர்புரத்துக்கு வர்றேன். குற்றாலத்துப் பக்கம் இருக்கிற ஊர். பேரைக் கேட்டதும் என்ன தோணும்? தென்காசி பக்கத்துல இருக்கு, அதனால காசி. பட்டாளத்துக்காரர் யாரோ இருந்திருப்பாரு, அதனால மேஜர். ரெண்டுமே கிடையாது. காசமேஜர்ங்கிறது ஒரே ஆளோட பேரு. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1800-ஐ ஒட்டின வருசங்கள்ல குற்றாலத்துல ஜாதிக்காய், கிராம்பு மாதிரி வாசனைப் பயிர்களை வளர்க்கப் பார்த்த கம்பெனி ஆட்கள்ல ஒருத்தர். டச்சுக்காரன் கையில இருந்த வியாபாரத்தை உடைக்கணும், அதுக்கு ஈரமும் நிழலும் உள்ள மலையடிவாரம் வேணும், குற்றாலம் தோதா இருந்தது. மொலுக்கா தீவுல நடந்த வியாபாரச் சண்டை நம்ம ஊர் பஸ் போர்டுல இன்னிக்கும் நிக்குது பாருங்க. அதை 'காசி மேஜர்'னு பிரிச்சு எழுதினா அந்தக் கதை அங்கேயே செத்துரும்.

இன்னொண்ணு குறவஞ்சிமேடு. குற்றாலக் குறவஞ்சி பாடின மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்கர் முத்து விசயரங்க சொக்கநாதர் குடுத்த நிலம். ஒரு பாட்டுப் புத்தகத்தோட பேரு நிலத்துக்கு வந்திருக்கு. வேற எங்க நடக்கும்? இந்த மாதிரிப் பேரெல்லாம் ஏதாவது ஒரு 'நகர்' ஆகிறதுக்கு ஒரு பிளாட் விளம்பரம் போதும்.

அடுத்து, சாதாரண சனங்களோட பேரு எங்கே இருக்கு? கல்வெட்டுல இருக்கிறது பெரும்பாலும் தானம் குடுத்தவங்க பேருதான். எனக்குத் தெரிஞ்சு சர்ச் பதிவேடு நல்ல இடம். நம்ம பக்கத்து சி.எஸ்.ஐ.காரங்க பல ஊர் சபைகளைச் சேர்த்து ஒரு சேகரம்னு சொல்வாங்க, கத்தோலிக்கர் பங்குன்னு சொல்வாங்க. சுரண்டை, நல்லூரெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன் ஊர்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம்னு மூணுக்கும் தனித்தனிப் பதிவேடு உண்டு. பேரு, அப்பா பேரு, ஊரு, தொழில். நிலமே இல்லாதவன் பேரும் அதுல ஏறியிருக்கும். 1876-78 தாது வருசப் பஞ்சத்துல ஒரு கிராமத்துல எத்தனை உயிர் போச்சுன்னு எந்தக் கோபுரமும் சொல்லாது. அடக்கப் பதிவேட்டை மாசவாரியா எண்ணினா தெரியும். மதம் பார்த்து ஒதுங்க வேண்டியதில்லை, அது அந்த ஊரோட கணக்கு.

ஆனா ஒரு ஊர்ல (பேரு வேண்டாம்) பழைய நோட்டு இருக்கான்னு கேட்டப்போ வந்த பதில்: "வெள்ளையடிக்கும்போது வெளிய எடுத்து வச்சோம் தம்பி, மழையில நனைஞ்சிட்டு, தூரப் போட்டாச்சு." அவ்வளவுதான். பேக்கப் கிடையாது, ரெஸ்டோர் கிடையாது. மனுசர் வருத்தமாக்கூட சொல்லலை, அதுதான் எனக்கு ஆறலை.

வீடுகள்லயும் இதே நிலைமைதான். செங்கோட்டைப் பக்கம் பழைய குடும்பங்கள்ல மலையாளத்துல எழுதின நிலப் பத்திரம் இன்னும் இருக்கு. தேதியெல்லாம் கொல்லம் ஆண்டுல. ஆவணியில இருந்து டிசம்பர் வரைன்னா 824 கூட்டணும், ஜனவரிக்கு மேலன்னா 825. கொல்லம் 1100 பிறந்தது 1924 ஆகஸ்ட்ல. கம்ப்யூட்டர் பட்டா வந்தாச்சே, பழசு எதுக்குன்னு அதைப் பேப்பர்காரனுக்குப் போடுறாங்க. பட்டாவுல சர்வே நம்பர் இருக்கும். நாலு எல்லையும் சொல்லி, பக்கத்து வயல்காரன் யாரு, எந்தக் குளத்துத் தண்ணி, எந்த மடைன்னு எழுதியிருக்கிறது பழைய பத்திரத்துலதான்.

புரோட்டா பதிவு போட வேண்டாம்னு சொல்லலை, நானே ரெண்டு போட்டிருக்கேன். அடுத்த தடவை சீசனுக்கு ஊருக்குப் போறவங்க அருவியை எடுக்கிற செல்போன்ல தாத்தா பெட்டியில இருக்கிற பத்திரத்தையும் நாலு படம் எடுங்க. எந்த ஊரு, யார் வீட்டுதுன்னு பக்கத்துலயே குறிச்சு வைங்க, இல்லேன்னா பத்து வருசம் கழிச்சு அது வெறும் மஞ்சத்தாள் படம். ஆச்சி இருந்தா வயக்காட்டுப் பேரெல்லாம் கேட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. பத்தில எட்டு பேரு எந்தப் புத்தகத்துலயும் இருக்காது.

எங்க பெரியம்மா வீட்டு டிரங்குப் பெட்டியைப் பொங்கலுக்கு நான் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். உள்ளே இருக்கிறது முக்கால்வாசி மலையாளம். பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிஞ்சவங்க இருந்தா பின்னூட்டத்துல ஒரு சத்தம் குடுங்க.