மூஞ்சிக்கு எதுக்குக் கெட்ட பேர்?

உம்மணாமூஞ்சி, சிடுமூஞ்சி, அழுமூஞ்சி, இளிச்சவாய், இஞ்சி தின்ன குரங்கு. இது போதாதென்று, முகத்தில் எள்ளும் கொள்ளும் வேறு வெடிக்கும். அடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இந்தப் பட்டியலை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். எல்லாச் சொல்லும் முகத்துக்குச் சொந்தக்காரரைத்தான் திட்டுகிறது. பார்த்தவர் தப்பாகப் பார்த்தார் என்று சொல்ல ஒரு சொல்லைத் தேடினால், சட்டென்று வாயில் வரமாட்டேன் என்கிறது.

புதுச்சொல் உண்டாக்கும் விளையாட்டு எனக்கும் பிடிக்கும். 1983இல் டக்ளஸ் ஆடம்ஸும் ஜான் லாயிடும் சேர்ந்து ‘தி மீனிங் ஆஃப் லிஃப்’ என்று ஒரு குட்டி அகராதி போட்டார்கள். பேர் இல்லாத சின்னச் சின்ன அனுபவங்களுக்கு ஊர்ப் பெயர்களை எடுத்துச் சூட்டினார்கள். ஜான் கோனிக் இணையத்தில் பல வருஷம் சேர்த்த சொற்கள் 2021இல் ‘தி டிக்‌ஷனரி ஆஃப் அப்ஸ்கியூர் சாரோஸ்’ என்று நூலாயின. தமிழிலும் இளைஞர்கள் இதைச் செய்யட்டும், ஜோராகச் செய்யட்டும். என் சண்டை விளையாட்டோடு இல்லை. உண்டாக்குகிற சொல் யார் தலையில் போய் விழுகிறது என்பதில்தான் சண்டை.

இந்தச் சண்டையை ஆம்பூர்ப் பக்கம் வைத்துப் பார்க்கலாம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் நீளும் இந்தத் தோல் பட்டையில், மேற்பரப்பைப் படிப்பதே ஒரு தொழில். பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கிறவர் அதை மேசையில் விரிக்கிறார். முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு, சூடு போட்ட தடம், ரத்தநாளம் ஓடிய கோடு எல்லாவற்றையும் பார்க்கிறார். அதோடு விடுவதில்லை. திருப்பிப் போட்டு உள்பக்கம் பார்க்கிறார். விரலால் கனம் பார்க்கிறார். இழுத்துப் பார்க்கிறார். அதற்கப்புறம்தான் தரம் சொல்கிறார். ஒரு கீறலைப் பார்த்துவிட்டு ‘இந்த ஆட்டுக்குத் திமிர்’ என்று முடிவு கட்டுவதில்லை.

ஆட்டுத்தோலுக்குக் கிடைக்கிற இந்த மரியாதை மனுஷத்தோலுக்குக் கிடைக்கிறதா?

பக்கத்திலேயே ஷூ கம்பெனி. லைனில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து அப்பர் தைக்கிறார்கள். விளிம்பை ஒட்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி, ஊசி கோணாமல் ஓட வேண்டும். துணி என்றால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். தோலில் ஊசி இறங்கினால் ஓட்டை ஓட்டைதான். அதனால் புருவம் சுருங்குகிறது, உதடு இறுகுகிறது. சூப்பர்வைசர் வந்து நின்று, “இன்னாம்மா, மூஞ்ச தூக்கி வச்சினுகீற?” என்கிறார். அந்தப் பெண் கண்ணை ஊசியிலிருந்து எடுத்து ஒரு சிரிப்பைக் காட்டிவிட்டு மறுபடி குனிகிறார்.

டார்வின் 1872இல் உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றி எழுதிய நூலில், யோசனை ஏதாவது ஒரு சிரமத்தில் முட்டும்போது புருவம் நெரிவதை விளக்கியிருக்கிறார். கவனம் செலுத்தும் முகமும் கோபக்கார முகமும் பக்கத்து வீட்டுக்காரர்கள். 2019இல் லிசா ஃபெல்ட்மன் பேரட்டும் நான்கு ஆய்வாளர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். கோபத்தில் இருக்கும்போது மனிதர் முகத்தைக் கடுக்கடுவென்று வைத்துக்கொள்வது ஏறத்தாழ 30 சதவீதம் தடவைதான் என்று பேரட் சொல்கிறார். மிச்ச நேரம் கோபம் வேறு முகங்களில் வருகிறது. கடுகடுத்த முகமோ கோபமே இல்லாதபோதும் வருகிறது. நம் தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடு சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு இடத்திலிருந்து பிறக்கும் என்கிறார். சிரிப்பு கேலியிலிருந்தும் வரலாம், அறியாமையிலிருந்தும் வரலாம். ஒரு முகத்துக்கு ஒரே அர்த்தம் என்று அவர் சொல்லவில்லை.

இன்னொரு வேடிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2025 பிப்ரவரி 2 முதல், வேலையிடத்திலும் கல்வி நிலையத்திலும் மனிதர்களின் உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளைத் தடைசெய்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. ஆம்பூரில் தைத்த ஷூ ஐரோப்பாவுக்குப் போகிறது. அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறவருடைய முகத்தை மெஷின் படிக்கக் கூடாது. அதைத் தைத்தவருடைய முகத்தைப் படித்து ‘இதுக்கு வாய் ஜாஸ்தி’ என்று தீர்ப்பெழுத, மெஷின்கூடத் தேவைப்படவில்லை.

சரி, சொல் உண்டாக்குவோம். என் பங்குக்கு நான்கு.

முகபெயர்ப்பு: அடுத்தவர் முகத்தை நம் மொழிக்கு மாற்றுவது. மொழிபெயர்ப்பு மோசமாக இருந்தால் மூல ஆசிரியரைத் திட்டமாட்டோம் அல்லவா? அதே நியாயம் இங்கேயும்.

திமிர்க்கண்ணாடி: மாட்டிக்கொண்டால் அசதி, பசி, மாதவிடாய் வலி, ராத்திரி தூங்காத குழந்தை எல்லாமே திமிராகத் தெரியும் கண்ணாடி. அதிகாரம் வந்த அன்றைக்கே பலருக்குப் பவர் ஏறிவிடுகிறது.

சிரிப்புவரி: தப்பாகப் படிக்கப்படாமல் இருப்பதற்காக ஒருவர் தினமும் கட்டுகிற சிரிப்பு. ஆண்களுக்குப் பெரும்பாலும் வரிவிலக்கு. ரொம்பக் கட்டினால் இளிச்சவாய், கட்டாவிட்டால் உம்மணாமூஞ்சி.

மிச்சமுகம்: பர்தாவுக்கோ முகக்கவசத்துக்கோ பின்னால் நாமே வரைந்துகொள்கிற முகம். கொரோனா காலத்தில் கண்ணை மட்டும் பார்த்துப் பழகியவரின் முகக்கவசம் இறங்கியதும் ‘ஐயோ, இவரா?’ என்று திடுக்கிட்டோமே, அது நம் மிச்சமுகம் கிழிந்த சத்தம். ஆம்பூர்த் தெருவில் கண் மட்டும் தெரியப் போகும் பெண்ணைப் பார்த்து ‘பாவம், சோகம்’ என்று வெளியூர்க்காரர் முடிவு கட்டுவதும் இதே ஓவியம்தான். அந்தப் பெண் உள்ளே சிரித்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் ஓர் இடத்தில் இந்த விளையாட்டை நிறுத்தியாக வேண்டும். பச்சைத்தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு ஊறவைப்பார்கள். அழுகிய முட்டை வாடை அடிக்கும். அந்த வழியாகப் போகிறவர் மூக்கைச் சுளித்தால் அது உடம்பின் வேலை. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஷிஃப்ட் முடிந்து குளித்து உடை மாற்றி வந்தவர் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும்போது அதே மூக்கு சுளிகிறதே, அது? தோல் வேலை எந்தச் சாதிகளின் தலையில் கட்டப்பட்டது என்பது சுளிக்கிறவருக்கும் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் தெரியும். கேட்டால், “நீங்கதான் தப்பா புரிஞ்சிக்கிட்டீங்க” என்று பதில் வரும். இங்கே தப்பாகப் படித்தவர் யாருமே இல்லை. சரியாகப் படித்தவரைப் பார்த்து ‘உனக்குப் படிக்கத் தெரியவில்லை’ என்கிறார்கள். இதற்கு ஒரு செல்லச்சொல் கண்டுபிடித்து லைக் வாங்குவது, சுளித்த மூக்குக்குக் கைக்குட்டை நீட்டுகிற வேலை. ஏற்கெனவே நல்ல பழைய சொல் இருக்கிறது: தீண்டாமை.

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 110ஆவது காதலர்களுக்கு. 71ஆவதோ, மன்னரோடு எப்படிப் பழகுவது என்று சொல்லும் அதிகாரத்துக்கு அடுத்தே வருகிறது. மேலே இருப்பவரின் முகத்தைப் படிப்பது கீழே இருப்பவரின் பிழைப்பு என்பது அவ்வளவு பழைய விஷயம். லைனில் உட்கார்ந்த பெண்ணுக்கு சூப்பர்வைசரின் செருப்புச் சத்தத்திலேயே அன்றைய மூட் தெரிந்துவிடும். தப்பாகப் படித்தால் அவருக்குச் சம்பளத்தில் அடி. சூப்பர்வைசர் தப்பாகப் படித்தால் அடி விழுவது, அதுவும் அந்தப் பெண்ணுக்குத்தான்.

‘ஒரு ஜாலிக்குச் சொல்றதுக்கு இவ்ளோ கணக்கா?’ என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் சும்மா இருக்கும் பெண்முகத்துக்கு ஒரு வசைச்சொல் 2013 வாக்கில் நகைச்சுவைக் காணொளி ஒன்றால் பரவியது. அதுவும் ஜாலிதான். கொஞ்ச வருஷத்தில் அந்த முகத்தைச் ‘சரிசெய்ய’ ஊசி போடுகிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். சொல் முகத்தில் ஒட்டினால், முகத்தைத்தான் அறுப்பார்கள்.

ஆகவே புதுச்சொல் உண்டாக்குகிறவர்களுக்கு ஒரு சின்னச் சோதனை. உங்கள் சொல்லை ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். ‘நான் அவளை முகபெயர்த்துவிட்டேன், மூலத்தில் அப்படி இல்லை’ என்று சொல்ல முடிகிறது. ‘நான் ஒரு சிடுமூஞ்சி’ என்று எத்தனை பேர் சொல்வோம்? இந்தச் சோதனையில் தேறாத சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும், அகராதியில் சேர்க்காதீர்கள்.