மறுபதிப்பில் மீண்ட குரல்

சென்ற மாதம் ஹந்தானை மலைச்சாரலிலுள்ள நண்பர் ஒருவர் இல்லத்தில், மழைக்கு ஒதுங்கியிருந்த மாலைப் பொழுதில், ஓர் இசைத்தட்டைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் நிகழ்ந்த ஜாஸ் இசை விழாவில் பதிவாகி, நெடுங்காலத்துக்குப் பின் குறுந்தட்டாக மீண்டும் வெளிவந்தது அது. பாடுவோர் மூவர். இருவர் ஆடவர், மூன்றாவது குரல் ஒரு பெண்ணுடையது. "இவர் யார் தெரியுமா?" என்றார் நண்பர். தெரியாது என்றேன். "நம் கொழும்பில் பிறந்தவர்" என்றார். இசையைப் பற்றி இத்தனை ஆண்டுகள் எழுதி வந்த எனக்கு அச்சொல் சுருக்கென்று தைத்தது.

அவர் பெயர் யொலாண்ட் பவன். இளம் பருவத்திலேயே ஆஸ்திரேலியரான கிரேம் பெல்லின் வாத்தியக் குழுவோடு பாடினார். பின் இலண்டன் சென்றார். அக்காலத்தில் டேவ் லாம்பர்ட், ஜான் ஹென்ட்ரிக்ஸ், ஆனி ராஸ் என்னும் மூவர் அமெரிக்காவில் புகழின் உச்சியில் இருந்தனர். 1962இல் ஆனி ராஸ் விலக, அவ்விடத்துக்கு அழைக்கப்பட்டவர் நம் கொழும்புப் பெண். இரண்டே ஆண்டுகள் அக்குழுவில் இருந்தார். அதற்குள் மூன்று தட்டுகள் வெளிவந்தன. மூன்றும் மேடையில், மக்கள் முன்னிலையில் பதிவானவை.

அம்மூவர் கையாண்ட கலை எளியதன்று. எக்காளமோ சாக்ஸபோனோ வாசிப்பவர் மேடையில் கணப்பொழுதில் கற்பனை செய்த இசையை, ஒரு சுரமும் பிசகாமல் குரலில் ஏற்றி, ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு சொல் பொருத்திப் பாடுவது அது. நம்மவர்க்கு இதை விளக்கப் பெரும்பாடு வேண்டியதில்லை. சுரம் முன்னே நிற்க, சாகித்தியம் அதன் அடிச்சுவட்டிலேயே நடந்து வரும் சுரஜதியை எண்ணிப் பார்த்தால் போதும். சியாமா சாஸ்திரிகளின் தோடிச் சுரஜதியைக் கற்ற மாணவி இத்தட்டைக் கேட்டால், மொழி புரியாவிடினும் வேலைப்பாடு புரியும். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இதே கண்டியில் பெரஹராக் காலத்துக்கு முன் பயிற்சி நடக்கும் வீட்டு முற்றங்களில் நின்று கேளுங்கள். "தத், ஜித், தொங், நங்" என்று வாயாற் சொல்லிய பின்னரே கெட்ட பெர முழங்கும். கருவியின் வேலையை வாய் செய்வது நமக்கு அந்நியமா என்ன?

நியூபோர்ட் தட்டில் "யே யே" என்றொரு பாட்டு. சொல்லின்றி வாத்தியங்களுக்காக எழுந்த மெட்டு அது. ஹென்ட்ரிக்ஸ் சொற்கள் சேர்த்தார். பவன் அம்மையாரும் அவருடைய தோழர்களும் 1963இல் அதை மேடையேற்றினர். பின்னர் ஜார்ஜி பேம் என்னும் ஆங்கிலப் பாடகர் அதையே பாட, 1965 ஜனவரியில் அது பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. உலகம் இன்று அப்பாட்டை அவர் பெயராலேயே அறியும். முன்னர்ப் பாடியவர்களின் தட்டு அலமாரியில் தூசு படிந்தது. பிறர் விட்ட இடத்தில் வந்து நின்றவர் என்ற எண்ணமும் அம்மையாரைச் சற்றே மறைத்திருக்க வேண்டும். ஆனி ராஸின் குரலை நான் குறைத்து மதிப்பவனல்லன். உச்சத்தில் அது எக்காளத்தோடு போட்டியிடும். ஆயினும் இத்தட்டில் பவனின் குரல் வேறொரு குணமுடையது என்றே என் செவிக்குப் பட்டது. ஆடவர் குரல்களுக்கு மேலே பறக்க முயலாமல், அவற்றினூடே நுழைந்து இழைகிறது.

வேடிக்கை ஒன்று. அவர் நியூபோர்ட்டில் பாடிய அதே 1963இல் ட்யூக் எலிங்டன் தம் வாத்தியக் குழுவுடன் கொழும்புக்கு வந்தார், சென்னைக்கும் சென்றார்.

இவ்விசை இத்தீவில் நேற்று முளைத்ததன்று. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் அமைந்தது. படைவீரர்க்கெனக் கொழும்பில் ஒரு வானொலி நிலையம் எழுந்தது. போர் முடிந்தபின் அதன் சாதனங்கள் இலங்கை அரசிடம் வந்து, ரேடியோ சிலோனுக்கு வலுவூட்டின. மேனாட்டு ஆடலிசையைப் பழகியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசிய குடும்பத்தினர். அவர்களுள் பறங்கியர் பலர். 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்துக்குப் பின் அவர்களிற் பெருந்தொகையினர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். அவர்களோடு அந்த இசையின் செவியும் போயிற்று. அதே சட்டத்தால் காயமுற்ற நாமோ, அவர்கள் போனதைக் கவனித்தோமா? நம் சஞ்சிகைகளில் அதைப் பற்றி நான் படித்தது மிகச் சொற்பம்.

"இது நம் இசையன்றே, நமக்கேன் இக்கவலை?" என்று ஒரு தமிழாசிரியர் என்னிடம் கேட்டார். அவர் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. நம் சொந்த வீட்டின் நிலை என்ன? ஸி. வி. வேலுப்பிள்ளை தோட்டத் தொழிலாளர் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். சொற்கள் பிழைத்தன. கொழுந்து பறிக்கையில் அவற்றைப் பாடிய குரல்கள் எங்கே? தாளில் உள்ளதைத்தான் நாம் இலக்கியம் என்கிறோம். தொண்டையில் உள்ளதைக் காற்றோடு விட்டுவிடுகிறோம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏடுகளுக்காக அழுதவர்கள் நாம். ஒலி அழிந்தால் புகைகூட எழுவதில்லை.

அயலார் தம் நிறுவனத்துத் தட்டைப் பாதுகாத்ததால்தான், நம் ஊர்ப் பெண்ணின் குரல் அறுபது ஆண்டுகள் கடந்தும் ஹந்தானையில் எனக்குக் கேட்டது. இந்நகரின் நூலகமொன்றில் ஒலிப்பதிவுகளை எங்கு வைத்துள்ளீர்கள் என்று விசாரித்தேன். பணியாளர் மரியாதையாக என்னைச் செய்தித்தாள் பகுதிக்கு அழைத்துச் சென்றார். அவர்மேல் குற்றமில்லை; கேட்பார் இருந்தாலல்லவா பகுதி இருக்கும்?

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்பேன். பெரிய நிதியும் கட்டடமும் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மாணவர் கையில் இன்றுள்ள தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவி. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் பாட்டறிந்த பாட்டிமார் இன்னும் இருக்கின்றனர். பாடியவர் பெயர், ஊர், நாள் மூன்றையும் முதலிற் சொல்லிவிட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பெயரில்லாத பதிவு பாதிப் பதிவு.

நண்பர் அந்தத் தட்டை இரவல் தந்திருக்கிறார். இரண்டாம் முறை கேட்டபோது, பாட்டு முடிந்ததும் எழும் கைதட்டலையும் கவனித்தேன்.