இரண்டு மறுப்புகள்

போன் அந்தரங்கம் பற்றி நம்ம ஆட்கள் எழுதும் கட்டுரையெல்லாம் கடைசியில் ஏதாவது ஒரு செயலியின் பெயரில்தான் போய் முடிகிறது. ரகசிய ஃபோல்டர், இரண்டாவது பின் நம்பர். போலீஸ் கேட்டால் பொய்ப் பின்னைக் கொடு, "அவ்வளவுதான் சார்" என்று சொல். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனாகச் சொல்கிறேன், இது கெட்ட யோசனை.

1997இல் ஜூலியன் அசாஞ்சே உள்ளிட்ட சிலர் மனித உரிமைப் பணியாளர்களுக்காக ரப்பர்ஹோஸ் என்ற மென்பொருளை எழுதினார்கள். ஒரே வட்டில் பல அடுக்குகள், அடுக்குக்கு ஒரு கடவுச்சொல். இன்னும் எத்தனை அடுக்கு மிச்சம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அழகான கணிதம்தான். ஆனால் அந்த 'யாராலும்' என்பதில் நீங்களும் சேர்த்தி. எல்லாவற்றையும் திறந்து காட்டிய பிறகும் "இன்னும் ஏதோ இருக்குடா" என்று அதிகாரி சொன்னால், இல்லை என்று காட்ட வழியே கிடையாது. ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே ராத்திரி பைக்கை ஓரங்கட்டச் சொல்லி போனைக் கேட்டால், அந்தக் கணிதம் கூட ரெண்டு அடி வாங்கித்தான் தரும்.

தமிழில் மறுப்பு என்றால் இரண்டு. "என்கிட்ட இல்லை" என்பது ஒன்று. "தர மாட்டேன்" என்பது இன்னொன்று. செயலிகள் தருவது முதலாவதை. நமக்கு வேண்டியது இரண்டாவது.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வன்முறை வழக்கின் எஃப்ஐஆர், பாதிக்கப்பட்ட மாணவியின் விவரங்களோடு போலீஸ் இணையதளம் வழியாகவே வெளியே போனது. தொழில்நுட்பக் கோளாறாம். அப்புறம் சிறப்புப் புலனாய்வுக் குழு பறிமுதல் செய்தது யாருடைய போனை? பத்திரிகையாளர்களுடையதை! வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2025 பிப்ரவரியில் போன்களைத் திருப்பிக் கொடுக்க உத்தரவானது. எந்த ரகசிய ஃபோல்டரும் அதைச் செய்திருக்காது.

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). கடவுச்சொல் சாட்சியா? 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் இல்லை என்றது. 2022இல் டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம் ஆமாம், கேட்கக் கூடாது என்றது. சண்டை போட வேண்டிய இடம் இது. நாம் செயலிகளுக்கு ஸ்டார் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கோர்ட்டுக்குப் போகக் காசு உள்ளவனுக்குத்தானே இதெல்லாம் என்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் ரோட்டிலேயே கேட்க வேண்டியிருக்கிறது. பிஎன்எஸ்எஸ் 94ஆவது பிரிவின்படி தகவல் தொடர்புக் கருவியை ஒப்படைக்கச் சொல்ல நீதிமன்றத்தின் ஆணையோ, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் எழுத்தாணையோ வேண்டும். வண்டியை மறிக்கும் காவலரின் அதட்டல் அதில் வராது. "எழுத்துல குடுங்க சார்" என்று ஒருத்தன் சொன்னால் திமிர் என்பார்கள். பத்துப் பேர் சொன்னால் ஸ்டேஷனில் யாராவது பேனாவைத் தேடித்தான் ஆக வேண்டும்.