ஸ்பிரிங்க்ளர் இருந்தும் எரிந்த கிடங்கு

தீப்பிடித்தவுடன் கூரையிலுள்ள எல்லா ஸ்பிரிங்க்ளர்களும் ஒரே சமயத்தில் மழை பொழிவதாகச் சினிமாவில் காட்டுவார்கள். உண்மை அப்படியல்ல. பெரும்பாலும் ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளரின் வாயையும் திரவம் நிரம்பிய ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் அடைத்திருக்கும். சிவப்புக் குமிழ் என்றால் 68 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெடிக்கும்; அந்த ஒன்று மட்டும் திறக்கும். அலுவலகங்களில் பெரும்பாலும் இப்படி ஒரு சில திறந்தாலே தீ அடங்கிவிடும்.

ஆபத்தான சரக்கு இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது. 1982 ஜூன் 21 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கே மார்ட் நிறுவனத்தின் மிகப்பெரிய கிடங்கு எரிந்தது. அங்கே ஸ்பிரிங்க்ளர்கள் இருந்தன, தீத்தடுப்புச் சுவர்களும் இருந்தன. ஆனால் கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் ஏரோசால் டப்பாக்களும் இருந்தன. சூடேறிய டப்பாக்கள் ராக்கெட் போலப் பறந்து, போன இடமெல்லாம் தீ வைத்தன. ஒரே நேரத்தில் பல இடங்களில் ஸ்பிரிங்க்ளர்கள் திறந்தால் குழாயில் எவ்வளவு தண்ணீர்தான் மிஞ்சும்? நஷ்டம் 10 கோடி டாலருக்கும் மேல். ஏரோசாலுக்கென்று தனி விதிமுறையை அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் கொண்டுவந்தது 1990-ல்தான்.

இதற்குத் தொழில்நுட்பத்தில் தீர்வுகள் உண்டு. உயரமான அடுக்குகளுக்கு நடுவிலேயே ஸ்பிரிங்க்ளர் வைக்கலாம். எரியும் திரவங்களுக்கு நுரை கலந்த நீர். நொடியில் தீ பரவும் இடங்களுக்கு 'டெலூஜ்' முறை: இதில் குமிழே கிடையாது, உணர்கருவி சொன்னதும் வால்வு திறந்து எல்லா வாய்களிலும் தண்ணீர் கொட்டும். (சினிமாக்காரர்கள் காட்டுவது இங்கே மட்டும் சரி!)

உண்மையான சிக்கல் நிர்வாகத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்க்ளரை வடிவமைப்பவர் எந்தச் சரக்கு, எவ்வளவு உயரம் அடுக்கப்படும் என்று கேட்டுத்தான் தண்ணீரின் அளவைக் கணக்கிடுகிறார். இரண்டு வருடம் கழித்து பருத்தித் துணி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் நுரை மெத்தை வந்து இறங்குகிறது. கொள்முதல் பிரிவுக்குத் தெரியும், கணக்குப் பிரிவுக்கும் தெரியும். தீப் பாதுகாப்பைக் கவனிப்பவருக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை. கணக்குப் புத்தகத்தில் ஸ்பிரிங்க்ளர் தேய்மானம் கழிக்கப்படும் ஒரு சொத்து, அவ்வளவுதான். அது இன்றைய சரக்குக்குப் போதுமா என்று எந்தப் பேரேடும் கேட்காது.

சரக்கு வரவுச் சீட்டில் விலையும் எண்ணிக்கையும் எழுத இடம் இருக்கிறது. 'எதனால் ஆனது, எவ்வளவு உயரம் அடுக்கப்படும்' என்று இன்னொரு கட்டம் சேர்த்து, அதில் தீப் பாதுகாப்பு அலுவலரின் கையெழுத்து விழாமல் கிடங்குக் கதவைத் திறக்கக் கூடாது. இதற்கு ஆகும் செலவு ஒரு பேனா மைதான்.